டேப்லெட்ல பப்பி லினக்ஸ் போட்டேன், டச் சுத்தமா இல்ல, அவசரம்

மாடிவீடு:
பழைய டேப்லெட் ஒண்ணு வீட்ல சும்மா கிடந்துச்சு, பப்பி லினக்ஸ்னு பழைய மெஷினுக்கான சின்ன ஓஎஸ் போட்டு பாத்தேன், எல்லாம் வருது வைஃபை கூட வருது ஆனா டச் மட்டும் சுத்தமா இல்ல. டிரைவர் எங்க கிடைக்கும்? அக்கா பொண்ணுக்கு திங்கக்கிழமைக்குள்ள குடுக்கணும். இதுல இருக்கிறது ஒரே மைக்ரோ யுஎஸ்பி ஓட்டை, ஹப் மாட்டி பப்பி இருக்கிற பென்டிரைவும் மவுஸும் சொருகிட்டா சார்ஜ் போட வழியில்ல. இப்பவே 41 சதவீதம்தான் இருக்கு. தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

தெற்குவாசல்:
என்ன டேப்லெட், எந்த பப்பி, கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) வெர்ஷன் எத்தனைன்னு ஒண்ணுமே சொல்லலையே. விண்டோஸ் இன்னும் உள்ள இருக்கா, அழிச்சிட்டீங்களா?

சோல்டரிங்:
முதல்ல விண்டோஸ்ல டச் வேலை செஞ்சுதான்னு பாருங்க. சும்மா கிடந்த டேப்லெட்ல பேட்டரி லேசா உப்பி ரிப்பன் கேபிளைத் தள்ளிவிட்டிருக்கும், என்கிட்ட வந்த ரெண்டுல அதான் கதை. பின்மூடியைக் கழட்டி கேபிளை ஒருதடவை எடுத்து மாட்டுங்க.

கருப்புத்திரை:
டிரைவர் எங்க கிடைக்கும்னு தேடுறதே விண்டோஸ் பழக்கம். லினக்ஸ்ல டிரைவர் பெரும்பாலும் கெர்னலோடயே வருது. இதே கேள்விக்கு பத்து தடவை பதில் எழுதியாச்சு, தேடிப் பாக்க அஞ்சு நிமிஷம் ஆகாது. டிமெசேஜ், அதான் கெர்னல் எழுதுற பதிவைக் காட்டுற கமாண்ட், என்ன சொல்லுதுன்னு போடாம யாரும் எதுவும் சொல்ல முடியாது.

பழையபெட்டி:
ஆன்டிஎக்ஸ் போடுங்க ப்ரோ, அதுவும் ஒரு சின்ன லினக்ஸ்தான், டெபியன் வழி வந்தது, எனக்கு எல்லாமே தானா வந்துச்சு.

தெற்குவாசல்:
இப்ப மாத்த வேணாம். இந்த மாதிரி ஆட்டம் டேப்லெட்ல பிராசசர் 64 பிட், ஆன் பண்ணதும் முதல்ல ஓடுற யுஇஎஃப்ஐ மட்டும் 32 பிட்டா இருக்கும், பாதி லினக்ஸ் ஐஎஸ்ஓ ஃபைல் பூட்டே ஆகாது. இவருக்கு பூட் ஆனதே பெரிய விஷயம். டிமெசேஜ்ல சைலீட்னு தேடிப் பாருங்க மாடிவீடு, இந்த மாதிரி டேப்லெட்ல வர்ற டச் சிப்போட பேர் அது.

மாடிவீடு:
இன்டெல் ஆட்டம் இசட்3735எஃப், 2 ஜிபி ராம். விண்டோஸ் 10 அப்படியே இருக்கு, அதுல டச் நல்லாவே வேலை செய்யுது, 32 ஜிபியில அப்டேட்டுக்கே இடம் இல்லாம திணறுதுன்னுதான் இதுக்கு வந்தேன். நீங்க சொன்ன மாதிரி தேடினா சைலீட்னு வருது, எம்எஸ்எஸ்எல்1680 டாட் எஃப்டபிள்யூ, ஃபர்ம்வேர் லோட் ஃபெயில்ட், எரர் மைனஸ் 2. 23 சதவீதம்.

தெற்குவாசல்:
அப்ப கேபிள் பிரச்சனை இல்ல. மைனஸ் 2ன்னா ஃபைல் இல்லன்னு அர்த்தம். டிரைவர் ஏற்கனவே ஓடுது, அது கேக்குற ஃபர்ம்வேர், அதான் சிப்புக்குள்ள ஓடுற புரோகிராம், அதுதான் இல்ல. இந்த சிப்புல சொந்தமா எதையும் சேமிச்சு வைக்க இடம் கிடையாது, கரண்ட் வர்ற ஒவ்வொரு தடவையும் சிஸ்டம்தான் ஃபர்ம்வேரை ஊட்டணும். அதுவும் பேனலுக்கு பேனல் மாறும், அதனால வேற டேப்லெட்டோடத எடுத்துப் போடாதீங்க. உங்களுக்கு விண்டோஸ் உள்ள இருக்கிறது நல்லதாப் போச்சு. பப்பியில அந்த டிரைவை மவுண்ட் பண்ணி, விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ் ஃபோல்டர்ல சைலீட்டச் டாட் சிஸ் இருக்கும், அதை காப்பி பண்ணுங்க. கிட்ஹப்ல ஜிஎஸ்எல் ஃபர்ம்வேர்னு தேடினா ஸ்கேன்வின்டிஆர்வின்னு ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட் வரும், அது அந்த சிஸ் ஃபைலுக்குள்ள இருந்து ஃபர்ம்வேரைப் பிரிச்சுக் குடுக்கும். வந்ததை, டிமெசேஜ் கேக்குற அதே பேர்ல, எல்லாம் சின்ன எழுத்துல, லிப் ஃபோல்டர்ல இருக்கிற ஃபர்ம்வேர் ஃபோல்டருக்குள்ள சைலீட்னு ஃபோல்டர் போட்டு வைங்க. அப்புறம் டெர்மினல்ல மாட்ப்ரோப் மைனஸ் ஆர் சைலீட், திரும்ப மாட்ப்ரோப் சைலீட்னு குடுங்க, டிரைவரை இறக்கி மறுபடி ஏத்தும்.

பழையபெட்டி:
எதுக்கும் சொல்றேன், பப்பியில எல்லாமே ரூட்டா, அதான் எதையும் மாத்த அழிக்க முழு அனுமதி உள்ள யூசரா ஓடுது. சின்னப் பொண்ணு கையில அதைக் குடுக்கிறது சரியில்ல.

கருப்புத்திரை:
பப்பி 2003லருந்து அப்படித்தான் இருக்கு. முழு சிஸ்டமும் ராம்ல ஏறி ஓடுது, சேவ் பண்ணலன்னா ஆஃப் பண்ணதும் எல்லாம் போயிடும். ப்ரவுசரை ஸ்பாட்ங்கிற அனுமதி குறைஞ்ச யூசர்ல ஓட்ட வசதி இருக்கு, அது தெரியாம பேசக்கூடாது.

பழையபெட்டி:
தெரியும். ஸ்பாட் ப்ரவுசருக்கு மட்டும்தானே, அந்தப் பொண்ணு ஃபைல் மேனேஜரைத் திறந்து தெரியாம ஒரு ஃபோல்டரை அழிச்சா யாரு பொறுப்பு? விண்டோஸ் பார்ட்டிஷனும் அதே டேப்லெட்லதான் இருக்கு, அது ராம்ல இல்ல.

சோல்டரிங்:
இது வேற இழையில பேசுங்கப்பா, அவருக்கு சார்ஜ் போயிட்டு இருக்கு.

மாடிவீடு:
வந்துருச்சு!! விரல் வச்சா கர்சர் நகருது. ஆனா ஸ்கிரீன் முழுக்க எங்க தொட்டாலும் இடது மேல் மூலைக்குள்ளயே சுத்துது, அதைத் தாண்ட மாட்டேங்குது. நடுவுல ஆஃப் ஆயி திரும்ப போட்டா ஃபர்ம்வேர் ஃபைலும் காணோம், மறுபடி வச்சேன். 9 சதவீதம்.

கருப்புத்திரை:
நீங்க சேவ்ஃபைல், அதான் பப்பி உங்க மாற்றங்களை வச்சுக்கிற ஃபைல், உருவாக்கல. ஷட்டவுன் பண்ணும்போது கேக்கும், யெஸ் குடுங்க.

தெற்குவாசல்:
மூலைக்கு காரணம் இது. உங்க மாடல் கெர்னல் பட்டியல்ல இல்ல, அதனால டிரைவர் ரெண்டு பக்கமும் 0லருந்து 4095 வரைக்கும்னு வச்சுக்குது, பேனல் அவ்வளவு தூரம் போகாது. டெர்மினல்ல ஈவிடெஸ்ட்னு தொடுற இடத்தை நம்பராக் காட்டுற புரோகிராமை ஓட்டிட்டு வலது கீழ் மூலையில விரலை வச்சு அழுத்துங்க, எக்ஸ் ஒய் ரெண்டு நம்பர் வரும். உதாரணமா 1660, 890ன்னு வந்தா, அந்த ரெண்டாலயும் 4095ஐ வகுத்தா 2.467, 4.601. டச், மவுஸ் செட்டிங்கை மாத்துற எக்ஸ்இன்புட் செட்ப்ராப் கமாண்ட்ல கோஆர்டினேட் டிரான்ஸ்ஃபார்மேஷன் மேட்ரிக்ஸ்னு இருக்கும், அதுல 2.467 0 0 0 4.601 0 0 0 1ன்னு குடுங்க. உங்களுக்கு வர்ற நம்பரைப் போடணும், என்னோடத இல்ல. சரியா வந்ததும் அந்த வரியை ஒரு ஸ்கிரிப்டா ரூட்னு பேர் உள்ள ஃபோல்டருக்குள்ள ஸ்டார்ட்டப் ஃபோல்டர்ல வைங்க, ஒவ்வொரு தடவையும் தானா ஓடும். முதல்ல சேவ் பண்ணி ஆஃப் பண்ணிட்டு சார்ஜ் போடுங்க தம்பி.

மாடிவீடு:
முழு ஸ்கிரீனும் வருது அண்ணா. மவுஸைக் கழட்டிட்டேன். ரொம்ப நன்றி.

தெற்குவாசல்:
சந்தோஷம். டேப்லெட் மாடல் பேரும் ஈவிடெஸ்ட்ல வந்த ரெண்டு நம்பரும் இங்க போட்டுருங்க, அதே பேனல் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு ராத்திரி மிச்சம்.

சோல்டரிங்:
மூணு நாள் ஆச்சு, மாடல் பேரு இன்னும் வரல. மாடிவீடு இருக்கீங்களா?