இரண்டு மடல்களுக்கு நடுவே ஒரு நீலப்புள்ளி

நான் முதன்முதலாகக் கண்டுகொண்ட குவாசரை என் கணினி நிரல் ஏற்கெனவே கழித்துக்கட்டியிருந்தது. குவாசர் என்பது தொலைதூர விண்மீன் மண்டலமொன்றின் நடுவே, பெரும் கருந்துளையைச் சுற்றிப் பிரகாசிக்கும் மையம்; படத்தில் நட்சத்திரம் போல ஒரு நீலப்புள்ளியாகத் தெரியும்.

அப்போது இரவுகளில் இரண்டு வான் அட்டவணைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒன்று, அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலுள்ள விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கி எடுத்த ஃபர்ஸ்ட் கணக்கெடுப்பு. மற்றது, அதே மாநிலத்தில் 2.5 மீட்டர் ஒளியியல் தொலைநோக்கி எடுத்த ஸ்லோன் கணக்கெடுப்பு. ரேடியோ மூலத்திலிருந்து 2 விகலைக்குள் நீலப்புள்ளி இருந்தால் குறித்துக்கொள், இல்லையென்றால் தள்ளிவிடு என்பதே நிரலின் விதி. ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு.

தள்ளியவற்றை ஒருநாள் திறந்து பார்த்தேன். ரேடியோ படத்தில் சுமார் 30 விகலை இடைவெளியில் இரண்டு திட்டுகள். ஒளிப்படத்தில் அந்த இரண்டு இடங்களிலும் வெறும் இருட்டு. ஆனால் நட்டநடுவில் ஊசிமுனை போல ஒரு நீலப்புள்ளி! அப்போதுதான் உறைத்தது. அவை தனித்தனி மூலங்கள் அல்ல. நடுவிலுள்ள கருந்துளையின் அருகிலிருந்து எதிரெதிராகப் பீறிட்ட தாரைகள் ஊதிப் பெருக்கிய மடல்கள். நிரல் மடல்களின் மேல் தேடிக்கொண்டிருந்தது, குவாசரோ நடுவில் இருந்தது.

அந்தப் புள்ளியின் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த நிறமாலையும் கிடைத்தது. 4200, 6156 ஆங்ஸ்ட்ராம் அலைநீளங்களில் இரண்டு அகன்ற மேடுகள். ஒரே ஒரு மேடு இருந்தால் அது எந்தத் தனிமம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் வகுத்துப் பார்த்தேன்: 1.466. கார்பன் 1909-இலும் மெக்னீசியம் 2798-இலும் இயல்பாக உமிழும் கோடுகளுக்கும் அதே விகிதம்தான். பிரபஞ்சம் விரிவதால் அலைநீளம் எவ்வளவு பங்கு கூடியது என்பதைச் சொல்லும் செம்பெயர்ச்சி 1.2. அந்த ஒளி புறப்பட்டு 800 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. காகிதத்தில் எழுதிய அந்த வகுத்தலை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இடத்தைத் துல்லியமாக அறிவதுதான் இத்துறையின் பழைய பாடு. 1962 ஆகஸ்டில் 3சி 273 என்ற ரேடியோ மூலத்தை நிலவு மறைத்த நொடிகளை ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் அளந்துதான் அதன் இடத்தைக் கண்டார்கள். அங்கே நட்சத்திரம் போலத் தெரிந்ததன் நிறமாலையில் ஹைட்ரஜன் கோடுகள் 16 சதவீதம் நகர்ந்திருப்பதை வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட் 1963-இல் உணர்ந்தார். நிலவு மறைப்புகளை நம்பியே இந்திய ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழு ஊட்டியில் 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியைக் கட்டி 1970-இல் இயக்கியது. மலைச்சரிவில் அது படுத்திருப்பதைப் பார்த்தவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள்.

அன்றிரவே, நிரல் தள்ளிய பட்டியலை முதல் வரியிலிருந்து எடுத்து, ஒவ்வொரு படமாகக் கண்ணால் பார்க்கத் தொடங்கினேன்.