புதிய கேசட் பிளேயர்: வாக்மேனின் மறுபிறவியா, வெறும் வேஷமா?

பழையடெக்:
சீன ஆடியோ நிறுவனமான ஃபியோ 2024-ல் விட்ட சிபி13 கேசட் பிளேயரைப் பார்த்துவிட்டு, 'வாக்மேன் திரும்பி வந்தாச்சு' என்று ஆளாளுக்குக் கொண்டாடுகிறார்கள். என் கட்சி வேறு. 1979 ஜூலையில் சோனி இறக்கிய முதல் வாக்மேனான டிபிஎஸ்-எல்2-வின் சாயல் இருக்கிறது, அவ்வளவுதான். நாடா இரைச்சலைக் குறைக்கும் டால்பி கிடையாது, கேசட்டைத் திருப்பிப் போடாமலே மறுபக்கம் பாடும் ஆட்டோ ரிவர்ஸ் கிடையாது. எண்பதுகளின் நடுவிலேயே சர்வ சாதாரணமாக இருந்தவை இவை. சோனி 2010-ல் ஜப்பானில் கேசட் வாக்மேனை நிறுத்தியபோது விட்ட இடத்திலிருந்தா தொடர்ந்திருக்கிறார்கள்? வெகுதூரம் பின்னால் நிற்கிறார்கள்.

நாடாச்சுருள்:
சரி, பழைய வாக்மேனையே வாங்கலாம் என்கிறீர்களா? திறந்து பாருங்கள். பெல்ட் ரப்பர் உருகித் தார் போல ஒட்டிக்கிடக்கும். சோனி வாக்மேனின் டபிள்யூஎம்-டிடி வரிசையில் நடுவில் இருக்கிற அந்தப் பொடி பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கும். சுற்றுக்கு ஒரு 'டிக்' கேட்கும். மாற்றத் தெரிந்த மெக்கானிக்கை எங்கே போய்த் தேடுவது? இந்த சிபி13 புத்தம் புதுசு, டைப்-சியில் சார்ஜ் ஏறுகிறது, உள்ளே நாடா சீராக ஓட உதவும் கனமான தாமிரச் சக்கரம் (ஃப்ளைவீல்), விலை ஏறக்குறைய 100 டாலர். குறை சொல்லவே பிறந்தவர்களுக்கு என்ன கொடுத்தாலும் போதாது.

பழையடெக்:
ஃப்ளைவீல் நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளிநாட்டு ஒரிஜினல் கேசட்டுகளில் பெரும்பாலானவை டால்பியின் 'பி' வகையில் பதிந்தவை. பதியும்போது மெல்லிய உயர்சுருதி ஒலிகளை ஏற்றி வைப்பார்கள். போடும்போது பிளேயர் அதை இறக்க வேண்டும். அப்போதுதான் 'ஸ்ஸ்' இரைச்சல் சுமார் 10 டெசிபல் குறையும். இறக்குகிற சிப்பே இல்லையென்றால் பாட்டு கூர்மையாகிக் காதைக் குத்தும், இரைச்சலும் அப்படியே இருக்கும். அந்த சிப்புக்கு இப்போது டால்பி நிறுவனம் உரிமமே தருவதில்லை.

காந்தம்90:
இடையில் ஒரு வார்த்தை. நம் ஊர் ரெக்கார்டிங் சென்டரில் சீட்டில் பாட்டு எழுதிக் கொடுத்து 60 நிமிடக் கேசட்டிலும் 90 நிமிடக் கேசட்டிலும் பதிந்து வாங்கினோமே, அதில் டால்பியை யார் கண்டது? அந்தக் கேசட்டுக்குப் பிரச்சினையே நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டின் சாய்வுதான். கடைக்காரர் டெக்கில் ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தால் நம் பிளேயரில் துணி போர்த்திய மாதிரி கேட்கும். ஹெட் பக்கத்து ஸ்க்ரூவைக் காதால் கேட்டுக்கொண்டே மெதுவாகத் திருப்பினால் பாதி கேசட்டுகள் உயிர் பெறும்.

பழையடெக்:
டெக்னிக்ஸின் இசைத்தட்டு பிளேயர் எஸ்எல்-1200-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2010-ல் நிறுத்தினார்கள், 2016-ல் மோட்டாரையே புதிதாக வடிவமைத்துத் திரும்பி வந்தார்கள். திரும்பி வருவதென்றால் அது!

நாடாச்சுருள்:
அப்படித் திரும்பி வந்த 1200ஜி-யின் விலை அப்போதே 4,000 டாலர் என்பதை மட்டும் லாவகமாக விட்டுவிட்டீர்களே! இசைத்தட்டுக்குச் சந்தை இருக்கிறது. 2022-ல் அமெரிக்காவில் 4.1 கோடி தட்டு விற்றது, சிடி 3.3 கோடிதான். கேசட்டுக்கு அந்தக் கூட்டம் எங்கே? முதலில் ஏதாவது ஒரு பிளேயர் விற்றால்தானே யாராவது நல்ல மெக்கானிசத்துக்குப் பணம் போடுவார்கள்? நாடாவையே பாருங்கள். அமெரிக்காவின் மிசௌரி மாநில ஸ்பிரிங்ஃபீல்டில் நேஷனல் ஆடியோ கம்பெனி சொந்தமாக நாடா தயாரிக்க இறங்கியது 2018-ல். கேட்க ஆள் இருந்ததால்தானே இறங்கினார்கள்?

பழையடெக்:
அது டைப் 1, அதாவது சாதாரண ரக நாடா. அதைவிட உயர்ந்த ரகமான குரோம், மெட்டல் நாடா வேண்டுமென்றால் இன்றும் பழைய ஸ்டாக்கைத்தான் துழாவ வேண்டும், அதுவும் யானை விலை. இவர்கள் டால்பிக்கு ஈடாக எதையாவது செய்து காட்டட்டும், நானே முதல் ஆளாக வாங்குகிறேன்.

நாடாச்சுருள்:
நீங்கள் காத்திருங்கள். நான் போன வாரமே ஆர்டர் போட்டாச்சு.

காந்தம்90:
வந்ததும் ஹெட் சாய்வைச் சோதித்துச் சொல்லுங்கள். அப்புறம், 120 நிமிடக் கேசட்டை மட்டும் போட்டுவிடாதீர்கள். நாடா ரொம்ப மெல்லிசு, ரோலரில் சுற்றிக்கொண்டால் எடுப்பதற்குள் கசங்கிவிடும்.