புதுப்பிப்பு: ரோம் போய் வந்தாயிற்று, இன்சோல் கதை இதுதான்

போன மாதம் கேட்டிருந்தேன்: ரோமில் ஆறு நாள் நடக்கப் போகிறேன், காலையில் எழுந்து முதல் அடி வைத்தாலே குதிகால் சுளீர் என்கிறது, ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் இன்சோலில் மெத்தென்ற ஜெல் வாங்குவதா, பாத வளைவைத் தாங்கும் கெட்டியானதா என்று.

இரண்டையும் வாங்கினேன். ஜெல், கடையில் போட்டுப் பார்த்தபோது சொர்க்கம். வீட்டருகே இரண்டு மணி நேரம் நடந்ததும் வளைவுக்குக் கீழே ஒரு பிடிப்பும் இல்லை. கெட்டியானதோ முதல் மூன்று நாள் காலடியில் எலுமிச்சம்பழம் வைத்து நடக்கிற மாதிரி இருந்தது. தினம் ஒரு மணி நேரம் என்று இரண்டு வாரம் பழக்கிய பிறகுதான் கால் ஒப்புக்கொண்டது.

ஒரு தப்பு செய்தேன். ஷூவோடு வந்த இன்சோலைக் கழற்றாமல் அதன் மேலேயே கெட்டியானதை வைத்துவிட்டேன். பாதம் உயர்ந்து, குதிகால் நழுவி, கொப்புளம். அப்புறம் பழையதைக் கழற்றி, அதையே அளவாக வைத்துப் புதியதை விரல் பக்கம் மட்டும் வெட்டினேன். சரியாயிற்று.

ரோமின் பழைய தெருக்களில் பதித்திருக்கும் சாம்பியெத்ரினி என்ற கறுப்புக் கற்கள் சமமாகவே இருக்காது. அங்கே கெட்டியான இன்சோலில் குதிகாலைக் கிண்ணம் போலப் பிடித்துக்கொள்ளும் அமைப்புதான் கைகொடுத்தது. ஆனால் வத்திக்கான் அருங்காட்சியகத்தில் நாலு மணி நேரம் நின்றது நடையைவிட மோசம். ஜெல்லை நினைத்து ஏங்கினேன், உண்மை.

வலி முழுதும் போகவில்லை. நான்காம் நாள் மாலை டிராம் பிடித்தேன். படுக்கையை விட்டு இறங்கும் முன் கெண்டைக்காலை நீட்டி மடக்கச் சொன்னவருக்கு நன்றி, பாதி நிம்மதி அதனால்தான்.