மயில்துத்தம் (செம்பு சல்பேட்) கரைத்த வாளியில் செங்கல் நிறத்தில் படிகிறது, தெளிக்கலாமா? அவசரம்

கொடித்தோட்டம்:
பன்னீர் திராட்சைக்குப் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த பூஞ்சை மருந்து) அடிக்க ராத்திரியே மயில்துத்தத்தை ஊறப் போட்டேன். காலையில் பார்த்தால் வாளிக்குள் சுற்றிலும் கறுப்பும் செங்கல் நிறமுமாகப் பொருபொருவென்று ஒட்டியிருக்கிறது. நீலமும் வெளிறிவிட்டது. ஆட்கள் வந்து நிற்கிறார்கள். அடிக்கலாமா?

மேட்டுக்காடு:
எத்தனை கிலோ, எவ்வளவு தண்ணீர்? சுண்ணாம்பு சேர்த்தாயிற்றா? வாளி எதில் செய்தது?

உரமூட்டை:
மயில்துத்தத்தில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்திருப்பார்கள். கடையை மாற்றுங்கள்.

கரிசல்மண்:
போர் தண்ணீரா? உப்புத் தண்ணீர் என்றால் இப்படித்தான்.

கொடித்தோட்டம்:
1 கிலோ, பத்து லிட்டர். சுண்ணாம்பு இன்னும் சேர்க்கவில்லை. சாதாரண வாளிதான்.

மேட்டுக்காடு:
சாதாரணம் என்றால் பிளாஸ்டிக்கா, தகரமா?

கொடித்தோட்டம்:
தகரம். வெள்ளையாக, பூப்பூவாகத் தெரியுமே, அது.

வேதி ஆசான்:
பத்தாம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அது தகரமே இல்லை, துத்தநாகம் பூசிய இரும்பு. வினைதிறன் வரிசையில் துத்தநாகம் மேலே, அடுத்து இரும்பு, செம்பு அதற்கும் கீழே. மேலே உள்ளது கரைசலுக்குள் போய், கீழே உள்ளதை வெளியே தள்ளும். இதுதான் இடப்பெயர்ச்சி வினை. துத்தநாக சல்பேட்டுக்கு நிறம் கிடையாது. அதனால்தான் நீலம் வெளிறியது. இதற்குக் கடைக்காரரைக் குறை சொல்வது அறியாமை.

மேட்டுக்காடு:
ஆள் கூலிக்கு நிற்கும்போது புத்தகத்தைச் சொல்லிக் குத்த வேண்டாம் சார். தம்பி, அதை அடிக்காதீர்கள். 1 கிலோ மயில்துத்தத்தில் செம்பு ஏறக்குறைய 250 கிராம்தான். அதில் எவ்வளவு வாளியில் ஒட்டியது என்று யாருக்கும் தெரியாது. திராட்சைக்கு வரும் அடிச்சாம்பல் நோயை அடக்குவதே அந்தச் செம்புதான். பூச்சு தீர்ந்த இடத்தில் இரும்பும் கரையும், வாளியும் வீண். பிளாஸ்டிக் டிரம்மில் புதிதாகப் போடுங்கள்: 50 லிட்டரில் 1 கிலோ மயில்துத்தம், இன்னொரு 50 லிட்டரில் 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு. நீலத்தைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கிளறுங்கள், மாற்றி ஊற்றாதீர்கள்.

உரமூட்டை:
டிரம் இல்லையென்றால் அலுமினிய அண்டா போதும். ராத்திரி முழுக்க வைத்தும் எனக்கு ஒன்றும் ஆனதில்லை.

வேதி ஆசான்:
தவறு. அலுமினியம் துத்தநாகத்துக்கும் மேலே.

உரமூட்டை:
மேலே என்றால் என் அண்டா ஏன் கரையவில்லை?

கரிசல்மண்:
அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் இருக்கிறது, அது காக்கிறது. ஒரு டம்ளர் நீலக் கரைசலில் அலுமினியத் தாளைப் போட்டுப் பாருங்கள், நெடுநேரம் சும்மா கிடக்கும். ஒரு சிட்டிகை சமையல் உப்பு போட்டதும் நுரைத்து, சூடேறி, தாள் ஓட்டை ஓட்டையாகிச் செம்பு உதிரும். உப்பிலுள்ள குளோரைடு படலத்தைத் துளைத்துவிடுகிறது. தண்ணீர் உப்பா என்று நான் கேட்டதும் அதற்குத்தான். உங்கள் ஊர்த் தண்ணீர் நல்லது, அண்டா பிழைத்தது. எல்லா ஊரிலும் பிழைக்காது.

உரமூட்டை:
அலுமினியத்தை நான் இருபது வருடமாகப் பார்க்கிறேன்.

வேதி ஆசான்:
வருடக் கணக்கு வரிசையை மாற்றாது.

மேட்டுக்காடு:
அண்டாவை விடுங்கள். தம்பி, கலந்த பிறகு தீட்டிய அரிவாளை ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். செம்பு ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். எவர்சில்வர் கத்தி வேண்டாம், அதில் ஏறாது. பழைய கரைசலில் சுண்ணாம்பைப் போட்டுத் தெளியவிட்டு, கிணறு, குளம் பக்கம் போகாமல் கொட்டுங்கள். மீனுக்கு ஆகாது.

கொடித்தோட்டம்:
டிரம் கிடைத்தது. முதலில் அரிவாள் நுனி சிவந்தது, இன்னும் இரண்டு கை சுண்ணாம்பு போட்டபின் வெள்ளையாகவே வந்தது. பாதித் தோட்டம் அடித்தாயிற்று. நன்றி அண்ணே.

கரிசல்மண்:
தண்ணீர் உப்பா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே?