யாரை இரண்டு முறை சந்திப்பது? ஃபுட்டி அட்டவணையால் நாம் பட்டவை

மெல்பர்ன், டீமன்ஸ் ரசிகர்:

ஆஸ்திரேலிய ஃபுட்டியின் தேசிய லீகான ஏ.எஃப்.எல். அட்டவணை வெளியாகும்போதெல்லாம் எங்கள் அலுவலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஓர் அணிக்கு ஒரு சீசனில் 23 ஆட்டங்கள் அதிகம் என்பார்கள் சிலர், போதாது என்பார்கள் சிலர். எனக்கு இரண்டிலும் ஒட்டுதல் இல்லை. எத்தனை ஆட்டம் என்பதைவிட, யாருடன் எத்தனை முறை என்பதுதான் என் ஆற்றாமை. மொத்தம் 18 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற 17 அணிகளுடன் ஒரு முறை மோதுகிறது. மீதமுள்ள ஆறு ஆட்டங்களில் ஆறு அணிகளை இரண்டாம் முறையாகச் சந்திக்கிறது. அந்த ஆறு அணிகள் எவை என்பது சீசன் தொடங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது.

2017 ஆகஸ்ட் கடைசி வாரம் இன்னும் எனக்கு ஆறவில்லை. எங்கள் மெல்பர்ன் டீமன்ஸ், பட்டியலின் முதல் எட்டு அணிகள் ஆடும் இறுதிச்சுற்றை 2006-க்குப் பிறகு அதுவரை எட்டிப் பார்க்காத அணி. கடைசிச் சுற்றில் எம்.சி.ஜி. என்னும் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் காலிங்வுட்டிடம் தோற்றோம். மறுநாள் பெர்த்தில் வெஸ்ட் கோஸ்ட் அடிலெய்டுடன் ஆடியது; எட்டாம் இடம் எங்களுக்கா அவர்களுக்கா என்பது அதில்தான் இருந்தது. நான் தொலைக்காட்சியைவிடக் கையிலிருந்த கால்குலேட்டரைத்தான் அதிகம் பார்த்தேன். எடுத்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த புள்ளிகளால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது சதவீதம்; வெற்றிகள் சமமானால் அதுதான் இடத்தை முடிவு செய்யும். ஒவ்வொரு கோலுக்கும் ஒரு முறை வகுத்துப் பார்த்தேன். வெஸ்ட் கோஸ்ட் வென்றது. இரண்டு அணிகளுக்கும் 12 வெற்றிகள். சதவீதத்தில் 0.5 பின்தங்கி நாங்கள் ஒன்பதாம் இடத்துக்குப் போனோம். ஒரு முழு சீசனில் ஏறத்தாழ பத்துப் புள்ளிகள்; ஒரு கோலுக்கு ஆறு புள்ளி, ஆக இரண்டு கோல்கூட இல்லை.

காலிங்வுட்டை வென்றிருந்தால் பேச்சே எழுந்திருக்காது, உண்மைதான். ஆனால் அந்த ஆண்டு நாங்களும் வெஸ்ட் கோஸ்டும் இரண்டாம் முறை சந்தித்த எதிரிகள் ஒரே ஆட்கள் அல்ல. வெவ்வேறு வினாத்தாள் எழுதிய இருவரை அரை மதிப்பெண்ணில் தேறியவர், தேறாதவர் என்று பிரிப்பது என்ன கணக்கு?

1970 முதல் 1986 வரை இந்தக் குறை இல்லை. 12 அணிகள், ஒவ்வொன்றும் மற்ற 11 அணிகளை இரண்டு முறை சந்தித்தால் 22. 1987-இல் வெஸ்ட் கோஸ்டும் பிரிஸ்பேன் பேர்ஸும் வந்தன. பிறகு அடிலெய்ட், ஃப்ரீமேன்டில், போர்ட் அடிலெய்ட், கோல்ட் கோஸ்ட், கடைசியாக 2012-இல் ஜி.டபிள்யூ.எஸ். (கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி). அணிகள் கூடிக்கொண்டே போயின. ஓரிரு விலக்குகளைத் தவிர 22 என்ற எண் மட்டும் அசையவில்லை. 2023-இல், எல்லா அணிகளும் ஒரே இடத்தில் கூடி ஆடும் கேதர் ரவுண்டுக்காக அதுவும் 23 ஆனது. எந்தக் காரணத்துக்காக 22 பிறந்ததோ அந்தக் காரணம் செத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன.

17 ஆட்டங்கள் போதும் என்பது என் கட்சி. இந்த ஆண்டு நம் மைதானத்தில் ஆடிய அணியுடன் அடுத்த ஆண்டு அவர்கள் மைதானத்தில் ஆடலாம். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

பெர்த், ஃப்ரீமேன்டில் உறுப்பினர்:

அண்ணா, எதிரி யார் என்பதைப் பற்றி எழுதினீர்கள். எங்களுக்கு முதல் எதிரி தூரம். மெல்பர்னுக்கு ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். பெர்த்தின் இரண்டு அணிகளும் ஒரு சீசனில் பத்து முறையாவது விமானம் ஏறுகின்றன. ஒரு முறை மெல்பர்னில் இரவு ஆட்டம் பார்த்துவிட்டு மறுநாள் ஊர் திரும்பியபோது, வீரர்கள் சிலரும் அதே விமானத்தில் இருந்தார்கள். ஒருவர் முழங்காலில் பனிக்கட்டிப் பையைக் கட்டிக்கொண்டு, நடைபாதை ஓர இருக்கையில் காலை நீட்டிக்கொண்டு வந்தார். பணிப்பெண் வண்டியோடு வரும்போதெல்லாம் காலை மடக்க வேண்டும். மடக்கும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கியது. அதே நேரத்தில் அவரோடு மோதிய மெல்பர்ன் வீரர் தன் வீட்டில் தூங்கி எழுந்திருப்பார். காலிங்வுட் தன் பெரும்பாலான ஆட்டங்களை எம்.சி.ஜி.யிலேயே ஆடுகிறது. இந்த வேற்றுமையைப் புள்ளிப்பட்டியலில் எந்தக் கட்டத்திலும் காண முடியாது.

2021 கிராண்ட் ஃபைனல் எங்கள் ஊரில் நடந்தது. பெருந்தொற்றால் மெல்பர்ன் முடங்கிக் கிடந்த நேரம். உங்கள் டீமன்ஸ் வெஸ்டர்ன் புல்டாக்ஸை 74 புள்ளிகளில் வென்று 1964-க்குப் பிறகு கோப்பையைத் தூக்கியதை நான் நேரில் பார்த்தேன். நீங்கள் அங்கே இருக்க முடியவில்லையே என்ற வருத்தம் எனக்கும் இருந்தது. ஆனால் இரண்டு அணிகளும் தங்கள் ஊரான மெல்பர்னை விட்டு வந்து ஆடிய கிராண்ட் ஃபைனல் அது. 2018-இல் வெஸ்ட் கோஸ்ட் பட்டியலில் காலிங்வுட்டைவிட மேலே முடித்தும் எம்.சி.ஜி.யில், ஒரு லட்சம் பேர் முன்னால், ஐந்து புள்ளிகளில்தான் தப்பித்தது.

அட்டவணையைத் திருத்துகிறவர்கள் ஆட்டங்களை எண்ணுவதோடு நிற்காமல் கிலோமீட்டரையும் எண்ண வேண்டும்.

அடிலெய்ட்:

மகளிர் லீகை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். சீசன் நீளம் என்றால் அங்கேதான் உண்மையான காயம் இருக்கிறது. 2019-இல் பத்து அணிகள், ஏழே சுற்றுகள். அதிலும் இரண்டு பிரிவுகளாக உடைத்து, பிரிவுக்கு இருவர் அரையிறுதிக்கு என்றார்கள். வலுவான அணிகள் ஒரு பக்கம் குவிந்துவிட்டன. நார்த் மெல்பர்ன் ஐந்து வெற்றி, இரண்டு தோல்வி; வெளியே. ஜீலாங் மூன்று வெற்றி, நான்கு தோல்வி, உள்ளே. ஜீலாங்கை எங்கள் அடிலெய்ட் 66 புள்ளிகளில் வென்றபோது நான் கைதட்டினேன், ஆனால் அது சமமான ஆட்டம் இல்லை. அந்த இடத்தில் நார்த் ஆடியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் அடிலெய்ட் ஓவலில் கார்ல்டனுடன் கிராண்ட் ஃபைனல். 53,034 பேர். என் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றேன். மூன்றாம் கால் பகுதியில் எரின் ஃபிலிப்ஸ் முழங்கால் தசைநார் கிழிந்து விழுந்தார். அவரைத் தூக்கிச் சென்றபோது அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. இத்தனை கூட்டம் திரளும் விளையாட்டுக்கு ஏழு வாரம்தான் என்று ஒதுக்கியது எப்படி நியாயம்? இப்போது 18 அணிகள். 2025-இல் 12 ஆட்டங்கள். அதாவது ஐந்து அணிகளைச் சந்திக்காமலேயே ஓர் அணி சாம்பியன் ஆகலாம். ஆண்களுக்கு 17 ஆட்டங்கள் என்று கேட்கிறீர்கள். பெண்களுக்கும் அதே 17-ஐக் கேளுங்கள்.

மெல்பர்ன் புறநகர், உள்ளூர் கிளப்பில் முதலுதவித் தொண்டர்:

எங்கள் பிரிவில் பத்து அணிகள், 18 சுற்றுகள். எல்லாரும் எல்லாரையும் இரண்டு முறை. ஆகவே அட்டவணையைக் குறை சொல்லி யாரும் வாயைத் திறப்பதில்லை. ஆனால் ஆகஸ்டில் வந்து பாருங்கள். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே என் மேசை முன்னால் வரிசை நிற்கும். கணுக்கால், விரல், தோள் என்று பட்டை சுற்றிச் சுற்றி என் கட்டைவிரல் தோல் உரிந்துவிடும். தலையில் அடிபட்டவரை 21 நாட்கள் வெளியே உட்கார வைக்க வேண்டும் என்பது சமூக அளவிலான விதி. கடைசி வாரங்களில் அடிபட்டால் அவருக்கு அந்த ஆண்டே முடிந்தது. "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று கண்ணில் நீரோடு வாதாடும் இருபது வயதுப் பையனிடம் முடியாது என்று சொல்லிப் பாருங்கள், சீசன் நீளம் என்றால் என்னவென்று புரியும். ஏ.எஃப்.எல்.லில் குறைந்தது 12 நாட்கள்.

17 அணிகளையும் இரண்டு முறை என்றால் 34 ஆட்டங்கள். அந்த யோசனையை யாரும் மறந்தும் எடுக்க வேண்டாம்.

மெல்பர்ன், டீமன்ஸ் ரசிகர்:

அடிலெய்ட் நண்பர் சொன்னது சரி. பெண்களுக்கும் 17 என்று சேர்த்துக்கொள்கிறேன். தடை எங்கே என்பதும் தெரிந்ததுதான். இன்று 23 வாரம், வாரம் ஒன்பது என்று 207 ஆட்டங்கள். 17 ஆக்கினால் 153. ஒளிபரப்புக்கு 2025 முதல் ஏழு ஆண்டுகளுக்கு 450 கோடி டாலர் பேசியிருக்கிறார்கள். 54 ஆட்டங்களைக் கழிக்க யார் ஒப்புவார்கள்? ஆனாலும் அது முடியாத காரியம் அல்ல. 2020-இல் பெருந்தொற்றுக்கு நடுவே சரியாக அந்த 153 ஆட்டங்கள்தான் நடந்தன. கால் பகுதியின் நேரத்தைக் குறைத்தார்கள், 20 நாட்களில் 33 ஆட்டங்களை அடுக்கினார்கள், கிராண்ட் ஃபைனலை அக்டோபரில் பிரிஸ்பேனுக்குக் கொண்டுபோனார்கள். ரிச்மண்ட் வென்ற அந்தக் கோப்பையை யாரும் குறைத்து மதிக்கவில்லை. யாரை இரண்டு முறை சந்தித்தாய் என்ற கேள்வியும் அந்த ஆண்டு எழவில்லை.

2028-இல் டாஸ்மேனியா 19-ஆவது அணியாக வருகிறது. ஒற்றைப்படை எண் என்பதால் வாரம் ஓர் அணி சும்மா இருந்தாக வேண்டும். அட்டவணையை எப்படியும் பிரித்து மேய்ந்துதான் ஆக வேண்டும். எல்லாருடனும் ஒரு முறை என்றால் 18 ஆட்டங்கள். மாற்ற இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. உள்ளூர் ஆட்டம் ஒன்றிரண்டு குறைந்தாலும் அதே சந்தாவைக் கட்ட நான் தயார், இதை என் கிளப்புக்கும் எழுதியிருக்கிறேன். சிட்னி, பிரிஸ்பேன் நண்பர்களே, 2024-இல் தொடங்கிய ஓப்பனிங் ரவுண்டில் உங்கள் ஊர் அணிகள் மற்ற பல அணிகளுக்கு முந்தியே ஆடத் தொடங்கின. அது உங்களுக்கு உதவியதா, வினையாக முடிந்ததா என்பதை எழுதுங்கள்.