'ஆஃப்லோடு'க்கு என்ன சொல்? வெள்ளிக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். கைப்பேசி அமைப்புப் பக்கம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 'ஆஃப்லோடு' என்ற ஒரே வினையில் இரண்டு நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஓரிடத்தில், பயன்படுத்தாத செயலியை ஆஃப்லோடு செய்யச் சொல்கிறார்கள். ஐபோனில் 2017-இல் ஐஓஎஸ் 11-உடன் வந்ததே, அதே மாதிரி வசதி: செயலி போய்விடும், அதன் தரவு அப்படியே இருக்கும். இன்னோரிடத்தில் கைப்பேசியின் மையச் செயலகம் (சிபியு) தன் கணக்கு வேலையை வரைகலைச் சில்லுக்கு (ஜிபியு) ஆஃப்லோடு செய்கிறது. 'சுமையிறக்கு' என்று போட்டுப் பார்த்தேன். பக்கத்திலேயே 'பதிவிறக்கு' நிற்கிறது. ஒன்று கொண்டுவருவது, மற்றது அகற்றுவது, இரண்டுமே இறக்கு! எதை அழுத்துவார்கள் பாவம்?

* * *

தம்பி, 'இறக்கு' எனக்கும் உறுத்துகிறது, ஆனால் வேறு காரணத்தால். கப்பல் சரக்கை இறக்குவதாக இன்று சொல்கிறோம். பட்டினப்பாலையில் அது 'நீரினின்று நிலத்து ஏற்றவும்' என்று வருகிறது. கடலைவிடக் கரை மேடு, ஆகவே ஏற்றம். ஏறுவதும் இறங்குவதும் பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்ததுதான். புறநானூறு 343-இல் பரணர் இன்னும் தெளிவு: கலம் தந்த பொன்னைக் கழித்தோணியால் 'கரைசேர்க்குந்து' என்கிறார். பெரிய கலம் தன்னால் ஆகாததைச் சிறு தோணியிடம் விடுகிறது. உங்கள் சில்லு செய்வதும் இதுதானே? 'கரைசேர்' என்றே வையுங்கள்.

சுமை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. நம் சும்மாடு பெரும்பாணாற்றுப்படையில் 'பூஞ்சுமட்டு இரீஇ' என்று மோர்க்காரி தலையில் இருக்கிறது. அந்தச் சுமடு மலையாளத்தில் சுமைக்கே பெயராகிவிட்டது, அங்கே சுமட்டுத் தொழிலாளி என்றால் நம்மூர் லோடுமேன். தலையில் வைத்த துணி எப்படி மூட்டையாகவே ஆனது என்பது தனிக்கதை, நேரம் கிடைத்தால் எழுதுகிறேன்.

* * *

ஐயா, மன்னிக்கவும். 'செயலியைக் கரைசேர்' என்று பொத்தானில் பார்த்தால் பெண்ணுக்குக் கல்யாணம் முடித்த மாதிரி இருக்கும். கோயம்பேட்டில் லாரி வந்து நின்றால் 'லோடு இறக்கியாச்சா' என்றுதான் கேட்கிறார்கள், யாருக்கும் அகராதி தேவைப்படவில்லை. ஆஃப்லோடு என்றே எழுதினால் என்ன குடிமுழுகிவிடும்? ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன், 'இறக்கு' சரிப்படாது. இறக்கினால் சுமை தரைக்குப் போகும். ஆஃப்லோடில் அது இன்னொருவர் தலைக்குப் போகிறது. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் மாதக்கடைசி வேலையை என் பக்கம் ஆஃப்லோடு பண்ணுவார், அதற்குத் தமிழில் 'தலையில் கட்டுவது' என்று பெயர்.

* * *

லோடு என்றே எழுதுவதற்கு இந்தக் குழு எதற்கு? 'பாரம்'கூட வேண்டாம், அது வடமொழி. சாமி தூக்குகிறவர்கள் நடையை நிறுத்தாமல் ஆள் மாற்றிக்கொள்வார்களே, 'தோள்மாற்று' என்று சொல்லலாம். சுமையும் கீழே விழாது, தலையிலும் கட்டாது.

* * *

தோள்மாற்று நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் என் மேலாளரிடம் சாமி ஊர்வலத்திலிருந்து தொடங்கி விளக்க வேண்டிவரும். இரண்டுக்கும் ஒரே சொல் தேடியதுதான் என் தப்பு என்று நினைக்கிறேன். சில்லுக்குப் 'பணிமாற்று'. செயலிக்குச் 'செயலியை மட்டும் நீக்கு', அங்கே சுமை யாரிடமும் போவதில்லையே. தனிமடலில் மூன்று பேர் சரி என்றார்கள், அதில் ஒருவர் 'எதையாவது போட்டு அனுப்புங்கள்' என்றுதான் எழுதியிருந்தார்.

* * *

பணிமாற்று என்றால் அரசு ஊழியரை வேறு ஊருக்குத் தூக்கியடிப்பது போல இருக்கிறது. என் வாக்கு இன்னும் 'கரைசேர்'தான், பதிந்துகொள்ளுங்கள்.

* * *

பதிந்தாயிற்று ஐயா. சுமடு பற்றித் தனி இழை தொடங்குங்கள், வெள்ளிக்கு அப்புறம்.