மூன்று பேர் சேர்ந்து ஆட நல்ல கேம் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான், மனைவி, லீவுக்கு வந்திருக்கும் அக்கா மகன். பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கேம் கருவியும் மூன்று கன்ட்ரோலரும் இருக்கின்றன. ஒரே டிவியில் மூவரும் ஒரே அணியாகச் சிரித்துக்கொண்டே ஆட வேண்டும். துப்பாக்கி, ரத்தம் வேண்டாம்.

இட் டேக்ஸ் டூ அருமைதான், ஆனால் இருவருக்கு மட்டும். ஒருவரைச் சும்மா உட்கார வைக்க மனசு வரவில்லை. சமையல் கேமான ஓவர்குக்டு 2 நான்கு பேர் வரை ஆடலாம். ஒருவர் வெள்ளரிக்காய் நறுக்க, ஒருவர் தட்டு கழுவ, அதற்குள் அடுப்பில் சோறு தீப்பிடித்துவிடும். பையன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். மனைவிக்குத்தான் நேரம் துரத்துவதில் படபடப்பு.

வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றும் மூவிங் அவுட் கேமில் அசிஸ்ட் மோடு (ஆட்டத்தை எளிதாக்கும் வசதி) போட்டு நேரத்தைக் கூட்டலாமே, அது சரிவருமா? ஓடித் தாவி ஆடும் ரேமேன் லெஜண்ட்ஸ் கேம் புதிதாக ஆடுபவருக்குக் கஷ்டமா? மூன்று பேராக ஆடிப் பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.